நீர்க்கோழிக்கு வசனம் இல்லை

ஆரியசாலை, திருவனந்தபுரம்
12-6-1954

அன்புத் தம்பி நம்பிக்கு,

அக்கா சிவகாமி எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் முத்துவும் சுகம். மதராஸ் வெயில் உன்னை எப்படி வைத்திருக்கிறது? மெஸ் சாப்பாட்டில் காரம் அதிகம் என்று எழுதியிருந்தாய். மோர் சேர்த்துக்கொள்.

முத்துவுக்குப் பங்குனியில் காய்ச்சல் கண்டதை ஒழுகினசேரியிலிருந்து அப்பா எழுதியிருப்பார். அது இறங்கிவிட்டது. கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாள்.

இத்துடன் சில படங்கள் வைத்திருக்கிறேன். அத்தான் சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் ஜவுளிக்கடையிலிருந்து கொண்டுவரும் காகிதத்தில் வரைந்தவை. ஒரு குளம், அதன் நடுவே ஒரு பட்டணம். தாமரை இலைகள்தான் தெருக்கள். பாவாடை கட்டிய நீர்க்கோழி ஒன்று இலைக்கு இலை கால் வைத்துப் போகிறது. கோட்டுப் போட்ட நீர்நாய் காலையில் படகில் ஏறிப் போகும், இருட்டினால் விளக்கோடு வரும். கொக்குதான் அங்கே தபால்காரர். மீன்கள் தண்ணீருக்குள் தீபம் மாதிரி எரிகின்றன. உட்கார்ந்தால் தானாகவே வருகிறது. காலையில் எழுந்தால், நேற்று இங்கே இருந்தேனா அந்தக் குளத்தில் இருந்தேனா என்று எனக்கே சந்தேகம்.

நீ வேலை பார்க்கும் பிள்ளைகள் பத்திரிகையில் இதைப் போடமுடியுமா? பேருக்காகக் கேட்கவில்லை. முத்து எடுத்து எடுத்துப் பார்த்துக் காகிதம் கிழிந்துபோகிறது. அச்சில் வந்தால் வாரம் ஒன்று அவள் கைக்குக் கிடைக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். படத்துக்கு வசனம் எதுவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
சிவகாமி

மதராஸ்
3-7-1954

அன்புள்ள அக்காவுக்கு,

நம்பியின் வணக்கம். நான் சுகம். மோர் சாப்பிடுகிறேன். அத்தானையும் முத்துவையும் கேட்டதாகச் சொல்.

உன் படங்களை ஆசிரியர் நாகேஸ்வரன் மேஜையில் பரப்பி வைத்தேன். அவர் அன்று காப்பியை ஆறவிட்டுவிட்டார். இந்த மாதக் கடைசியிலிருந்து வாரம் ஒரு பக்கம் வரும், இரண்டு வண்ணத்தில். கீழே 'சிவகாமி, திருவனந்தபுரம்' என்று உன் பெயர் இருக்கும். சுவரெல்லாம் கரியால் கிறுக்கி அப்பாவிடம் வசவு வாங்கியவள் பெயரைக் கம்பாசிட்டர் ஈய எழுத்தில் கோப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறேன்.

ஒரு சந்தேகம். நீர்க்கோழி எதைக் குறிக்கிறது? விலங்குக்குச் சட்டை போட்டுவிட்டால் அது விலங்கு இல்லை, ஒரு மனுஷனின் குணம் என்பார் ஆசிரியர். நரி என்றால் சூது, சிங்கம் என்றால் ராஜா. நீர்க்கோழிக்கு அப்படி ஒன்றும் கிடையாதே. அதுவும் போக, ஏன் யாருமே பேசுவதில்லை? கொக்கு தபால் கொடுக்கிறது, நீர்க்கோழி வாங்கிக்கொள்கிறது, ஒரு வார்த்தை இல்லை. படக்கதை என்றால் வாயிலிருந்து வட்டம் புறப்பட்டு அதற்குள் எழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் புரட்டிவிட்டுப் போய்விடும் என்கிறார். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முத்து இப்போது என்ன பாட்டுப் பாடுகிறாள்? போன தடவை வந்தபோது ரயிலடிவரை பாடிக்கொண்டே வந்தாளே. அவளுக்கு ஒரு மௌத் ஆர்கன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எப்படி ஊதுகிறாள் என்று எழுது.

உன் தம்பி,
அழகியநம்பி

ஆரியசாலை
25-8-1954

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். உன் இருமல் நின்றதா?

பத்திரிகை வந்தது. முத்து அதை மடியில் வைத்துக்கொண்டே தூங்கினாள். நீர்க்கோழியின் பாவாடைக்கு அந்தச் சிவப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது.

மௌத் ஆர்கன் வந்து சேர்ந்தது. முத்து அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டைகளுக்குள் வெளிச்சம் பார்க்கிறாள். பிறகு தரையில் வைத்து, வரிசை வீடுகள் என்று சொல்லி அதற்குள் அரிசிமணிகளைக் குடிவைத்திருக்கிறாள். சொல்லி என்று எழுதிவிட்டேன். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

நீர்க்கோழி எதைக் குறிக்கிறது என்று கேட்டாய். அது நீர்க்கோழிதான், தம்பி. கிள்ளியாற்றுப் பக்கம் போனால் பார்க்கலாம். தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நடக்கும்.

தெற்கே நம் ஊர்ப்பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். சாலையில் கடைகள் அடைத்திருந்தன. அத்தான் பின்தெரு வழியாக நடந்தே வந்தார். வரும்வரை நான் வாசலில் நின்றேன். முத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் என்ன படித்தாளோ, அவளும் அழுதாள்.

அப்பா முத்துவைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி எழுதுகிறார். இப்போது வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறேன். நீயும் அவரிடம் அப்படியே சொல்.

அக்கா

மதராஸ்
10-10-1954

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது. அங்கே எல்லாரும் சௌக்கியம்தானே?

ஆகஸ்டில் நம் மண்ணில் துப்பாக்கிச் சூடு நடந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே கூட்டம் போடுகிறோம், அறிக்கை எழுதுகிறோம். நாஞ்சில் நாட்டை நம்மோடு சேர்க்காமல் ஓயக்கூடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் படக்கதைக்கு வரும் கடிதங்களைப் பார். தென்காசியிலிருந்து ஒரு வாத்தியார் எழுதுகிறார்: பேச வாயில்லாத நீர்க்கோழி திருவிதாங்கூர்த் தமிழன், கோட்டுப் போட்ட நீர்நாய் சர்க்கார், யாரும் படிக்காத தபாலைச் சுமக்கும் கொக்கு நம்முடைய மனுக்கள். வாசித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. அக்கா, நீ அறிந்து வரைந்தாயோ அறியாமல் வரைந்தாயோ, இது பெரிய சின்னம். மனுஷன் வாய்திறந்து சொல்ல முடியாததை ஒரு பறவையின் தலையில் ஏற்றி வைத்தால் அது எங்கே வேண்டுமானாலும் பறந்துபோகும்.

ஆசிரியர் இனிமேல் பொறுக்கமாட்டேன் என்கிறார். தீபாவளி மலரிலிருந்து வசனம் நானே எழுதுகிறேன். உன்னைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும். மலர் அச்சுக்குப் போய்விட்டது. நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைக்கிறேன்.

முத்துவின் பாட்டைப் பற்றி நீ எழுதவே இல்லை.

உன்,
நம்பி

ஆரியசாலை
2-11-1954

தம்பிக்கு,

நலம். உன் நலம் வேண்டுகிறேன்.

மலர் வந்தது. பறவைகளின் அலகிலிருந்து புறப்படுகிற வெள்ளை வட்டங்களை முத்து முட்டை என்று நினைத்துவிட்டாள். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் விரல் வைத்து, எந்தப் பக்கத்தில் குஞ்சு வரும் என்று பார்த்தாள். கடைசிவரை புரட்டினாள். குஞ்சு வரவில்லை. பத்திரிகையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வட்டங்களை எடுத்துவிடு. அதுவரை நான் படம் அனுப்பப்போவதில்லை.

அக்கா

மதராஸ்
20-1-1955

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு உன் கடிதம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஐந்து வயதுக் குழந்தை வட்டத்தை முட்டை என்று நினைத்ததற்காக ஊரே படிக்கிற ஒரு கதையை நிறுத்துவார்களா? எழுத்துக் கற்றுக்கொண்டால் வாசித்துவிடுவாள். அவளுக்கு 'அ' எழுதிக்கொடு. நீ பிடிவாதக்காரி என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது.

எங்கள் கையில் மிச்சமிருந்த உன் பக்கங்களை அச்சிட்டு முடித்தோம். அதோடு நான் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன். நீர்க்கோழி ஏன் பேசவில்லை என்பதுதான் தலைப்பு. அதன் நாக்கை அறுத்தது யார் என்று கேட்டு, வேற்றுமொழி ஆட்சிதான் என்று முடித்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு ஊர்வலத்தில் உன் நீர்க்கோழியைத் துணியில் எழுதி ஏந்திப் போனார்களாம். என் கண் கலங்கிவிட்டது.

படம் அனுப்பு. கோபத்தில் ஒரு வரியாவது எழுது.

உன்,
நம்பி

மதராஸ்
15-4-1955

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலமா? மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. மார்கழித் தேருக்குச் சுசீந்திரத்துக்கும் நீ வரவில்லை என்று அப்பா எழுதியிருக்கிறார். பேத்தியைக் கண்ணில் காட்டவே மாட்டேன் என்கிறாள், நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு முத்துவின் பாட்டு என்றால் உயிர், உனக்குத் தெரியும்.

என்மேல் கோபம் என்றால் என்னோடு நிற்கட்டும். வீட்டில் வேறு ஏதாவது உண்டா? அத்தானுக்கு உடம்புக்கு ஏதாவதா? ஒரு கார்டு போடு.

நம்பி

ஆரியசாலை
6-5-1955

மாப்பிள்ளை அழகியநம்பிக்கு,

பகவதிப்பெருமாள் எழுதிக்கொண்டது. க்ஷேமம். எனக்குக் கடைக் கணக்கு எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதி வழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். இதை எழுதச்சொல்லி உம்முடைய அக்கா கேட்கவில்லை. எழுதுகிறேன் என்று சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிள்ளைக்குக் காது கேட்காது. அந்தப் பங்குனிக் காய்ச்சல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் விட்ட பிறகு நேர்ச்சை செலுத்தப் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோனோம். அங்கே தேங்காய் உடைக்கிற சத்தம் உமக்குத் தெரியும். முன்பெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு என் வேட்டிக்குள் முகம் வைப்பாள். அன்று கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சில்லு தெறிக்கிறதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நானும் உம்முடைய அக்காவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பிறகு ஆஸ்பத்திரியில் நரம்பு செத்துப்போய்விட்டது என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் நின்றது. பாட்டு அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

யாருக்கும் சொல்லவேண்டாம் என்றாள் சிவகாமி. சொன்ன நிமிஷத்திலிருந்து எல்லாரும் பிள்ளையின் தலைக்கு மேலே பேச ஆரம்பித்துவிடுவார்கள், அவளைப் பார்த்துப் பேசமாட்டார்கள் என்றாள். ஒழுகினசேரி மாமாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்றும் பயம்.

ஒரு நாள் கடையிலிருந்து வரும்போது இரண்டுபேரும் தரையில் கவிழ்ந்து கிடக்கிறார்கள். சிவகாமி காகிதத்தில் ஒரு நீர்க்கோழி போட்டு, அது பாயை விரித்துப் படுப்பதாகவும் போட்டாள். முத்து பார்த்தாள். எழுந்துபோய்ப் பாயை எடுத்துவந்து விரித்துப் படுத்தாள். காய்ச்சலுக்குப் பிறகு நாங்கள் சொன்ன ஒன்று அவளுக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மாப்பிள்ளை, நீர்நாய் சர்க்கார் இல்லை. அது நான்தான். வருஷக்கணக்கு முடிக்கிற நாளில் நான் வர நேரமாகும், பிள்ளை வாசலையே பார்த்திருக்கும். அப்போது விளக்கோடு படகில் வருகிற நீர்நாயைக் காட்டினால் சமாதானமாகச் சாப்பிடும். கொக்கு வந்தால் ஒழுகினசேரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டுப் பேச்சு அவ்வளவும் அந்தக் குளத்தில்தான் நடக்கிறது. அதைத்தான் உமக்கு அனுப்பினாள்.

உம்முடைய கட்டுரையைச் சாலையில் எல்லாரும் படித்தார்கள். ஊர்வலத்துக் கொடியோடு கடைக்கு வந்து எனக்கு மாலை போட்டார்கள். ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீரே சொல்லும், அதுக்க நாக்கை அறுத்தது யாரு?" என்று கேட்டார். எனக்கு அதுமுதல் உறக்கம் சரியில்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

பகவதிப்பெருமாள்

மதராஸ்
14-5-1955

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கடிதம் கிடைத்தது. செங்கோட்டை வழி ரயிலில் வருகிறேன். ஒழுகினசேரிக்குப் போய் அப்பாவைப் பார்க்கப்போவதில்லை. நீங்கள் சொல்லாமல் அவரிடம் நான் சொல்லமாட்டேன்.

முத்துவுக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.

நம்பி

ஆரியசாலை
18-8-1955

அன்புத் தம்பிக்கு,

மூவரும் சுகம். நீ ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. மெலிந்துபோயிருந்தாய். மெஸ்ஸை மாற்று.

நீ இங்கே இருந்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். முதல் நாள் முழுவதும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று "முத்து, முத்து" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். பழக்கம் போகவில்லை. பிறகு நீயே பென்சிலை எடுத்து ஒரு எருமையை வரைந்தாய். அது பார்க்க அலமாரி மாதிரி இருந்தது. அவள் சிரித்த சிரிப்புக்குச் சத்தம் இருந்ததே, கேட்டாய் அல்லவா? அன்று நான் பின்கட்டில் நின்று அழுதேன். உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இருந்தது. நான் உன்னிடம் மறைத்தேன், நீ இல்லாததைக் கண்டுபிடித்தாய். அப்பாவிடம் நாங்களே போய்ச் சொல்லிவிட்டோம். அவர் முத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் வெகுதூரம் நடந்தார்.

இனி ஒரு சங்கதி. நீ போன மறுவாரம் வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். பேர் ராகேல். திருவல்லாப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், பாளையத்தில் வீடு. கையில் நம் பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கங்கள், ஓரத்தில் ஆணி அடித்த துளையோடு. "இது வரச்சது நிங்களாணோ, சேச்சி?" என்று கேட்டாள். ஆம், வரைந்தது நான்தான் என்றேன்.

அவளுடைய தம்பி பிறவியிலேயே காது கேளாதவன். அவனுக்காகவே சொல்லிக்கொடுக்கும் முறையைப் படித்துவந்து, இப்போது வீட்டில் சில பிள்ளைகளை வைத்திருக்கிறாள். எல்லாரும் காது கேளாதவர்கள். யாரோ அந்தப் பக்கத் தமிழ்க்காரர் வீட்டிலிருந்து பத்திரிகை கிடைத்திருக்கிறது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வசனம் இல்லாத பக்கங்களைச் சுவரில் அடித்துவைத்து அந்தப் பிள்ளைகளோடு கதை நடத்தியிருக்கிறாள். வட்டமும் எழுத்தும் வந்த பிறகு பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டாளாம். கீழே இருந்த பேரை யாரிடமோ வாசிக்கச் சொல்லி, சாலையில் கடை கடையாகக் கேட்டு வந்திருக்கிறாள். எதற்காக என்றால், இன்னும் படம் வேண்டும் என்று கேட்பதற்காக.

நான் முத்துவைக் காட்டினேன். அவள் முத்துவின் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு ஏதோ பாடினாள். முத்துவின் கண் பெரிதானது. பிறகு என்னைப் பார்த்து, "குட்டிக்கு சப்தம் உண்டு, சேச்சி. எவிடயோ உறங்கிக் கிடக்குந்நு" என்றாள். எங்கேயோ தூங்கிக்கொண்டிருக்கிறதாம், எழுப்பினால் வருமாம்.

இப்போது தினமும் போகிறோம். பெரிய கண்ணாடியின் முன்னால் பிள்ளைகளை உட்கார்த்திவைத்து உதட்டைப் பார்க்கச் சொல்கிறாள். வாய்க்கு நேரே காகிதத் துண்டைப் பிடித்து, ஊதினால் ஆடுவதைக் காட்டுகிறாள். போன வாரம் ஒரு கனவு கண்டேன். குளத்துப் பட்டணத்தில் எல்லாருடைய வாயிலிருந்தும் காகிதத் துண்டுகள் புறப்பட்டு, வெள்ளைப் பறவைகளாகத் தண்ணீரின் மேல் தாழப் பறந்தன. விழித்த பிறகும் வெகுநேரம் அறைக்குள் காற்று அசைவதாகவே இருந்தது.

ராகேல் சொல்லிக்கொடுப்பதெல்லாம் மலையாளத்தில்தான். அவளுக்கு வேறு தெரியாது.

அக்கா

மதராஸ்
12-3-1956

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அத்தானுக்கு இப்போது உறக்கம் வருகிறதா?

பத்திரிகையில் இனிமேல் நீர்க்கோழி வராது. வசனமில்லாமல் போடுவதானால் வேண்டாம் என்று ஆசிரியர் முடிவாகச் சொல்லிவிட்டார். கட்டுரையில் நான் எழுதியது சரியல்ல என்று நாலு வரி வெளியிடக் கேட்டேன், அதற்கும் மறுத்துவிட்டார். அவர் அறைக்கு நான் இப்போது அதிகம் போவதில்லை. அச்சுக்கூடத்தில் உன் படங்களை அச்சடித்த பழைய பிளாக்குகள் கிடந்தன. வட்டங்களைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தனித்தனி அட்டைகளாக அடித்திருக்கிறேன். பார்சலில் வருகிறது. ராகேல் டீச்சரிடம் கொடு. சில இடங்களில் வட்டம் இருந்த தடம் வெள்ளையாகத் தெரியும். முத்து மன்னிக்க வேண்டும்.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் வாசி. மாநிலங்களைப் பிரிக்கப்போகிறார்கள். நம் தாலுகாக்கள் மதராஸோடு வருவது உறுதி. திருவனந்தபுரம் அந்தப் பக்கம் நின்றுவிடும். அப்பா உங்களை ஒழுகினசேரிக்கே வரச்சொல்கிறார். அத்தானுக்கு நாகர்கோவிலில் கடையா இல்லை? இங்கே மதராஸிலும் காது கேளாத பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் பள்ளி இருக்கிறது. விசாரித்துவிட்டேன். முத்து என்னோடு இருக்கலாம், நீயும் வா, வீடு பார்க்கிறேன்.

அவள் முதலில் சொல்லப்போகும் சொல் நம் மொழியில் இருக்க வேண்டாமா, அக்கா? நாம் பேசுவதை அவள் உதட்டில் படிக்க வேண்டாமா? இதை நான் மேடைக்காகக் கேட்கவில்லை. அவள் மாமாவாகக் கேட்கிறேன்.

நம்பி

ஆரியசாலை
18-11-1956

அன்புத் தம்பி நம்பிக்கு,

சுகம். மழையில் இங்கே எல்லாருக்கும் ஜலதோஷம், பெரிதாக ஒன்றுமில்லை. நீ சௌக்கியமா? இத்தனை மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் எனக்கே பதில் தெரியாததுதான். 

நீ கேட்டது நியாயம். அத்தானும் அதையேதான் கேட்டார். நீ அனுப்பிய அட்டைகளை ராகேல் டீச்சர் மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். ஆனால் முத்து மாதக்கணக்காகக் கண்ணாடி முன் உட்கார்ந்தும் ஒரு சொல் வரவில்லை. சத்தம் வரும், சொல்லாகாது. ஆவணியில் அத்தான் கடையில் கணக்கை ஒப்படைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று. நவம்பர் பிறந்ததும் ஒழுகினசேரிக்குப் போவது, பிறகு உன்னிடம் வருவது என்று முடிவு. பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன்.

நான் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. பிள்ளை எங்கே இருந்தாலும் அதன் முகத்துக்கு நேரே நின்று பேசு, வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும், அது போதும் என்றாள். அவள் தமிழ் பேசவில்லை, நான் மலையாளம் சரியாகப் பேசுவதில்லை. எங்களுக்குள் எல்லாம் விளங்கத்தான் செய்கிறது.

முதல் தேதி இங்கே ஊரெல்லாம் கொண்டாட்டம். கொடி, தோரணம், கிழக்கேகோட்டையில் கூட்டம். தெற்கே நம் ஊரிலும் அப்படியே இருந்திருக்கும். ஒரே நாளில் நமக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது. அத்தான் அன்று வெளியே போகவில்லை. முத்து மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது நிறம் நிறமாக ஓடும் ஆறு, அவ்வளவுதான்.

கிளம்ப இரண்டொரு நாள் இருக்கும்போது நடந்ததை எழுதுகிறேன். மத்தியானம். கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவே அத்தானுக்கும் முத்துவுக்கும் இலை போட்டேன். அவளுக்கு அவரே பரிமாறவேண்டும் என்று அன்று பிடிவாதம். அவர் எதிரே குந்தியிருந்து சோறு வைத்தார். குழம்பு விட்டார். இன்னொரு கரண்டி சோறு எடுத்தார். முத்து இலைக்கு மேலே இரண்டு கையையும் குடை மாதிரி விரித்துக்கொண்டு, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "மதி" என்றாள்.

கரகரப்பாக, மூக்கில் பாதி, தொண்டையில் பாதியாக வந்தது. ஆனால் சந்தேகமில்லை. இங்கே மதி என்றால் போதும் என்று அர்த்தம், உனக்குத் தெரியும். டீச்சர் வீட்டில் பிள்ளைகளுக்குக் கஞ்சி விடும்போது தினமும் சொல்லுகிற சொல். அத்தான் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தார். நீயும் அவரும் அந்த முதல் சொல்லுக்கு என்ன கனவு கண்டிருந்தீர்களோ, எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மதியா மக்கா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அந்த மனுஷன் வீட்டுக்குள் ஒரு மலையாளச் சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் அவர் உதட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு மறுபடியும் சொன்னாள், "மதி."

சாயங்காலம் அவரே சாக்குகளை அவிழ்த்தார். கடையில் போய்ப் பேசினார். வீட்டுக்காரரிடம் நான் போனேன். நாங்கள் இங்கேதான் இருக்கப்போகிறோம், தம்பி. அப்பாவுக்கு எழுதிவிட்டேன். கோடு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, பஸ்ஸில் ஏறினால் ஒரு பொழுதில் ஒழுகினசேரி. தமிழ் பிறகு வரும். நான் சொல்லிக்கொடுப்பேன். வராவிட்டால் நாம் மலையாளம் படிக்கலாம்.

உனக்கு வருத்தமாக இருக்கும். லீவு கிடைக்கும்போது வா. வந்து அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடு. இப்போதெல்லாம் வேளாவேளைக்கு இந்த வீட்டில் ஒரு சண்டை நடக்கிறது. முத்து கையை விரித்து மதி என்கிறாள். அவர் கேளாதவர் மாதிரி இன்னும் ஒரு கரண்டி வைக்கிறார். அவள் கோபத்தில் சத்தமாகச் சொல்லுகிறாள். அவர் அடுத்த கரண்டிக்குப் பானையைப் பார்க்கிறார்.

உன் அக்கா,
சிவகாமி